ரேடியேட்டருக்கு ஊற்றிய தண்ணீர்

சித்தூரில் முப்பத்தோரு வருஷம் தெலுங்கு மீடியம் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். வீட்டிலும் சபையிலும் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. ஒன்பதாம் வகுப்பில் வெப்பம் பாடம் வரும்போது, எஞ்சினைக் குளிர்விக்க எத்தனையோ திரவம் இருக்க, தண்ணீரைப் போய் ஏன் வைத்தான் என்று கேட்பேன். பதில் சொல்லாதவர்களைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்தைப் படித்துவிட்டு, பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் எனக்காக உச்சுக்கொட்ட வேண்டாம்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து இரண்டு வருஷம் ஓடியிருந்தது. திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் டயாலிசிஸ். பதினொரு மணிக்கு ஏற்றி மூன்று மணிக்கு இறக்குவார்கள். மூன்றரைக்கு அதே நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தாக வேண்டும். அதனால் நாங்கள் பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தாலும் மூன்று மணிக்கு ஊசியை எடுத்துவிடுவார்கள். வழியில் நாங்கள் தொலைக்கிற நிமிஷமெல்லாம் அவள் ரத்தம் சுத்தமாகிற நேரத்திலிருந்துதான் போகும். அப்படிப் போன நாட்களில் கால் வீங்கிக்கொண்டு, மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்குவாள்.

எழுபது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். திரும்பி வரும்போது ரத்த அழுத்தம் இறங்கி, நின்றுகொண்டிருந்த கண்டக்டர் மேலேயே சாய்ந்துவிட்டாள். வாடகைக் காரிலும் போனோம். திரும்பும்போது சந்திரகிரி தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். டிரைவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, ஆனால் சித்தூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அவள் வழியெல்லாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னாள்: "இனிமே நம்ம வண்டிதாங்க. வாந்தி எடுத்தாலும் நம்ம சீட்டு, நானே கழுவிக்கறேன்."

நம்ம வண்டி என்பது இருபத்திரண்டு வயதான சின்ன வெள்ளைக் கார். வாங்கிய அன்று கோயில் கேட்டுக்கு முன்னால் நிறுத்தி எங்கள் ஐயர் (எங்கள் சபையில் சர்ச்சைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் சொல்வோம்) பானெட் மேல் கை வைத்து ஜெபம் செய்தார். பக்கத்து வீட்டுக்காரர் விடவில்லை. மறுநாளே காணிப்பாக்கம் பிள்ளையாரிடம் கூட்டிக்கொண்டு போய் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் நசுக்க வைத்தார். இரண்டு பக்கத்துப் பாதுகாப்பும் சேர்ந்து இருபது வருஷம் வண்டியைக் காப்பாற்றியது என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். ஏசி எப்போதோ செத்துப்போயிருந்தது. ஹீட்டர் மட்டும் நன்றாக வேலை செய்தது. இந்த ஊரில் ஹீட்டரை யார் போடப் போகிறார்கள், அதனால் தேயாமல் இருந்தது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற வழியில் சின்னதாக ஒரு பித்தளை வால்வு உண்டு. எஞ்சின் சூடேறுகிற வரைக்கும் மூடிக்கொண்டிருக்கும், சூடானதும் திறந்து தண்ணீரை விடும். சித்தூரில் வண்டி வாங்கினால் அடுத்த கோடைக்குள் இதைப் பிடுங்கி எறிந்துவிடுவது வழக்கம். குளிர் நாட்டுக்காரனுக்கு வைத்தது, இந்த வெயிலுக்கு எதற்கு என்று எல்லா மெக்கானிக்கும் சொல்வார்கள், நாமும் தலையாட்டுவோம். என் வண்டியிலும் பிடுங்கினார்கள். நான் அதைத் தூக்கி எறியவில்லை, வகுப்புக்கு எடுத்துப்போய் வெந்நீரில் போட்டு அது திறப்பதைக் காட்டினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். இவ்வளவு அருமையாக வேலை செய்கிற சாமானை வண்டியில் திரும்ப மாட்டலாமே என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. மேஜை மேல் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டேன்.

வால்வு இல்லாத வண்டியில் சூடு காட்டும் முள் எப்போதும் அடியில்தான் கிடக்கும். கீழே கிடந்தால் நல்லது, மேலே ஏறினால் கெட்டது என்று கண் பழகிவிட்டது. இந்தப் பழக்கம்தான் கடைசியில் என்னைக் கவிழ்த்தது.

ஏப்ரல் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, புத்தலப்பட்டு தாண்டியதும் முள் ஏறியது. பாதி, முக்கால், சிவப்புக் கோடு. ஓரம் கட்டினேன். பானெட்டைத் தூக்கினால் புஸ்ஸென்று ஆவி. அரை மணி நேரம் ஆறவிட்டு, மூடியைத் துணி சுற்றித் திறந்து, பக்கத்து மோட்டார் கொட்டகையிலிருந்து கேனில் தண்ணீர் வாங்கிவந்து ஊற்றினேன். ஆறு லிட்டர் கேன் முழுக்க உள்ளே போனது. அவள் கதவைத் திறந்து கால்களை வெளியே வைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு டாக்டர் சொன்ன அளவு நாளைக்கு முக்கால் லிட்டர். குழம்பு, காபி, மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் சேர்த்து. ஒரு பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தாள். காலை ஒரு கோடு, மத்தியானம் ஒரு கோடு, சாயங்காலம் ஒரு கோடு. ஏப்ரல், மே மாதத்தில் சித்தூரில் முக்கால் லிட்டர் என்றால் என்ன என்று இந்த ஊரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். உதடு வெடித்திருக்கும். ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு பேசுவாள்.

"ஆறு லிட்டரு ஒரே மூச்சுல குடிச்சிட்ச்சி பாருங்க" என்றாள். "ஆண்டவரு என்ன காரா படைச்சிருக்கக் கூடாதா?"

நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது. போய்ச் சேரும்போது பதினொன்றே முக்கால். மூன்று மணிக்கு ஊசியை எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோ நீர் உடம்பிலேயே தங்கிவிட்டது என்று எடை பார்த்த நர்ஸ் சொன்னாள்.

வேலூர் ரோட்டில் ஒரு மெக்கானிக். என் வயதுக்காரர், கெட்டிக்காரர். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. சந்தேகப்படுவதில் ஒரு ஒழுங்கு வைத்திருப்பார், அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றினார். மூடியின் ரப்பர் போயிருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும் என்றார். சரியான பேச்சு. வியாழக்கிழமை மறுபடியும் அதே இடம், அதே சிவப்புக் கோடு. அடுத்து ஃபேன். நேராக பாட்டரியில் கொடுத்துப் பார்த்தார், சுற்றியது. அடுத்து ரேடியேட்டரையே கழற்றினார். தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது.

"இன்னா சார் இது, இட்லிச் சட்டி மாதிரி கீது" என்றார். "போர் தண்ணியா ஊத்திக்கினு இருந்தீங்க?"

இருபது வருஷமாக எங்கள் வீட்டு போர் தண்ணீர்தான். பக்கெட்டிலும் குழாயிலும் வெள்ளையாகப் படிகிற அந்த உப்பு ரேடியேட்டருக்குள் மட்டும் படியாது என்று நினைத்தேனோ என்னவோ. கடையில் விற்கிற உப்பில்லாத கூலன்ட்டைத் தெருவில் ஒருவரும் வாங்கி ஊற்றியதில்லை. அதுவும் வகுப்பில் நான் நடத்திய பாடம்தான். கடின நீர், மென்னீர்.

ரேடியேட்டரை அமிலம் விட்டுக் கழுவினார்கள். பாதிக் குழாய் திறந்தது, பாதி திறக்கவில்லை. வால்வைத் திரும்ப மாட்டலாமா என்று அப்போதுதான் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"நெஜம் சொன்னா மாட்டணும் சார். அது இல்லன்னா பாதி தண்ணி ரேடியேட்டருக்கே போகாம உள்ளயே சுத்திக்கினு வந்துடும். சின்ன வயசுல நானும் எல்லா வண்டியிலயும் புடுங்கினு இருந்தேன், ஊரே புடுங்கிச்சி. ஆனா இப்ப உங்க வண்டில வால்வு மட்டும் ப்ராப்ளம் இல்ல."

எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து என்னைப் பார்க்கச் சொன்னார். தண்ணீரில் குமிழி வந்துகொண்டிருந்தது. அடுப்பில் உலை கொதிக்கத் தொடங்குகிற மாதிரி, ஒவ்வொன்றாக.

"ஏர் லாக்" என்றேன் நான். கழற்றி மாட்டியதில் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெளியே வருகிறது என்று ஒரு சின்ன விளக்கமும் கொடுத்தேன். வாத்தியார் புத்தி.

"இருக்கலாம் சார்" என்றார். "எஞ்சினுக்கும் அது மேல மூடியிருக்கிற ஹெட்டுக்கும் நடுவுல ஒரு தகடு கீது, ஹெட் கேஸ்கெட்டு. அது போயிருந்தாலும் இப்பிடித்தான் வரும். எஞ்சின்ல வெடிக்கிற காத்து தண்ணிக்குள்ள பூந்துடும். ஹெட்ட பிரிச்சிப் பாத்தா தெரிஞ்சிடும். ஒரு வாரம் வண்டிய வுடுங்க."

ஒரு வாரம் என்றால் ஒரு திங்கள், ஒரு வியாழன். வாடகைக் காரை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் வற்புறுத்தவில்லை. இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவள் வேண்டாம் என்றது எனக்கும் சௌகரியமாக இருந்தது. என் வண்டி, என் கண்டுபிடிப்பு, என் ஏர் லாக். யாரோ ஒரு டிரைவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து போக எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருஷமாக அவள் நோயில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த வண்டியையாவது நான் ஓட்டிக்கொண்டு போனேன்.

"ஒரு மழை விழட்டும், பிரிச்சிக்கலாம்" என்றேன் மெக்கானிக்கிடம்.

"உங்க இஷ்டம் சார். அதுவரைக்கும் ஹீட்டர போட்டுக்கினு ஓட்டுங்க. எஞ்சின் சூட்ட கொஞ்சம் உள்ள இழுத்துக்கும்."

அப்படித்தான் ஓட்டினோம். மே மாதம், கத்திரி வெயில், நான்கு ஜன்னலும் திறந்து, ஹீட்டர் முழு வேகத்தில். போகும்போது அது நரகம். காலுக்கடியில் அனல் அடிக்கும். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் கண்ணை மூடியிருப்பாள். பின் சீட்டில் ஆறு லிட்டர் கேன் மூன்று, தண்ணீர் நிரப்பி வைத்திருப்பேன். பள்ளத்தில் வண்டி இறங்கும்போது உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் அவளுக்கு என்ன செய்திருக்கும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. கேனை டிக்கியில் வைத்திருக்கலாம். எட்டி எடுக்கச் சுலபம் என்று பின் சீட்டில் வைத்தேன்.

திரும்பி வரும்போது கதை வேறு. டயாலிசிஸ் முடிந்தால் அவளுக்குக் குளிரும். பல் கிட்டும், கை நடுங்கும். வெளியே தார் உருகுகிற வெயிலில் அவளுக்கு மட்டும் மார்கழி. ஹீட்டரின் வாய்க்கு எதிரே இரண்டு கையையும் நீட்டி வைத்துக்கொள்வாள்.

"ஊரே வேவுது. ஹீட்டர் போட்டுக்கினு போற ஜோடி இந்த ஜில்லாவுலயே நாமதான்" என்றாள் ஒரு நாள்.

எஞ்சினின் சூட்டை வண்டியிலிருந்து இறக்கி அவள் கைக்குக் கொடுத்துக்கொண்டு போனோம். முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. அந்த மே மாதத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அந்த இரண்டு மூன்று சாயங்காலங்கள்தான், வேறு எதுவும் நினைவில் இல்லை.

மே கடைசி வியாழக்கிழமை. காலையில் வண்டி அடம்பிடிக்காமல் போனது. பத்தே முக்காலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். ரொம்ப நாளுக்குப் பிறகு நான்கு மணி நேரம் முழுசாகக் கிடைத்தது. நடுவில் ரத்த அழுத்தம் இறங்கி, காலில் தசை பிடித்து இழுத்து, அவள் கத்திவிட்டாள். நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று பாட்டிலில் இருந்த சாயங்காலக் கோட்டையும் இரண்டு மணிக்கே குடித்து முடித்தாள். மூன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். நடுங்கினாள், ஹீட்டரைப் போட்டேன். சந்திரகிரி வரை கையை நீட்டிக்கொண்டே வந்தாள்.

பாகாலா கிராஸ் தாண்டி ஒரு மேடு. அதில் முள் முக்காலுக்கு ஏறியது. மேட்டைத் தாண்டினதும் அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இன்னாங்க, காத்து ஜில்லுன்னு வருது."

கையை வைத்துப் பார்த்தேன். உண்மைதான். அதுவரை அனலாக வந்த காற்று குளிர்ந்திருந்தது. முள்ளைப் பார்த்தேன். அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது. பாதிக்கு வந்தது, பாதிக்கும் கீழே போனது, இருபது வருஷமாகக் கிடந்த பழைய இடத்துக்கே வந்து படுத்துக்கொண்டது.

"எஞ்சின் ஆறிடுச்சி" என்றேன். "ஏர் லாக் தானா வுட்டுப் போச்சி. நான் சொன்னேன் பாரு."

"ஆறிடுச்சா? அப்ப எனக்குத்தான் குளுருது" என்று சொல்லிப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வேகத்தைக் கூட்டினேன். அறுபது, எழுபது. ஒரு மாதமாக ஐம்பதைத் தாண்டாதவன், பாட்டு ஒன்று முணுமுணுத்தேன் என்றுகூட ஞாபகம். ஹீட்டர் காற்று ஏன் குளிர்ந்தது என்று என் மாணவன் எவனையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். உள்ளே தண்ணீர் இல்லை. வெடித்துப் புகுந்த காற்று தண்ணீரை எல்லாம் வெளியே தள்ளிவிட்டது. தண்ணீர் இல்லாததால் ஹீட்டருக்குச் சூடு வரவில்லை. முள்ளுக்குச் செய்தி சொல்லும் கருவியும் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சூட்டைச் சொல்லும், வெறும் காற்றில் நின்றால் தோன்றியதைச் சொல்லும். தெர்மாமீட்டரைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் பார்க்காதே என்று முப்பத்தோரு வருஷம் கத்தினவன், அடியில் கிடந்த முள்ளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு ஆறேழு கிலோமீட்டர் விரட்டிக்கொண்டு வந்தேன்.

புத்தலப்பட்டுக்கு இந்தப் பக்கம் எஞ்சின் கடகடவென்று உலுக்கியது. மிதித்தால் வேகம் வரவில்லை. பிறகு அணைந்தது. ஒரு புங்க மரத்தடியில் உருண்டு வந்து நின்றோம். நிழல் பாதி வண்டிக்குத்தான் கிடைத்தது. அவள் பக்கம் வெயில்.

கால் மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை நான். மூடியைத் திறந்தேன், ஆவிகூடப் பெரிதாக வரவில்லை. முதல் கேனை ஊற்றினேன். உள்ளே போய் எங்கோ சீறியது. கொஞ்சம் வெளியே தெறித்து என் கை பொத்துப்போனது. இரண்டாவது கேன். அதுவும் போனது. எங்கே போகிறது என்று தெரியவில்லை, சைலன்சரிலிருந்து சொட்டியது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். மூன்றாவது கேனில் பாதியை ஊற்றி நிறுத்தினேன். மறுபடி ஆறவிட்டு ஊற்றலாம் என்று மீதியை மூடி வைத்தேன்.

அவள் இறங்கி வந்து மரத்தில் சாய்ந்து நின்றாள். குளிர் நின்று இப்போது வியர்த்திருந்தது. உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு கேனைப் பார்த்தாள்.

"ஒரு வாய் குடுங்க" என்றாள்.

"அது வண்டிக்கு வேணும்மா" என்றேன்.

வாயில் வந்தது அதுதான். அதற்குப் பிறகுதான் டாக்டர் ஞாபகம் வந்தார். "இன்னிக்கு அளவு முடிஞ்சிபோச்சே. வூட்டுக்குப் போயி ஐஸ் தரேன்" என்று சேர்த்துக்கொண்டேன். பிற்பாடு விசாரிக்க வந்தவர்களிடம் இந்த இரண்டாவது வாக்கியத்தை மட்டுமே சொன்னேன். முதலில் சொன்னது எதுவென்று அவளுக்கும் எனக்கும் தெரியும்.

"சரி" என்றாள். கோபம் இல்லை. அவள் கோபப்பட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன்.

மாம்பழம் ஏற்றிய மினி லாரி ஒன்று சித்தூர் மண்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. கை காட்டினேன், டிரைவர் நிறுத்தினார். "ரண்டி சார், எக்கண்டி" என்று தெலுங்கில் ஏறச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். அவளைத் தூக்கி ஏற்றி நடுவில் உட்கார வைத்தோம். பாதிக் கேனைப் பின் சீட்டில் போட்டு, வண்டியைப் பூட்டிவிட்டு நானும் ஏறினேன். டிரைவர் அவளைப் பார்த்து மனசு கேட்காமல் பழம் ஒன்றை எடுத்து மடியில் வைத்தார். இந்த நோய்க்கு மாம்பழம் விஷத்துக்குச் சமம். அவளுக்குத் தெரியும். சித்தூர் வரை அதை மூக்கருகே பிடித்து முகர்ந்துகொண்டே வந்து, இறங்கும்போது திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வீட்டில் ஐஸ் கொடுத்தேனா என்றால், கொடுத்தேன். அதற்குள் அவளுக்கு ஆசை போய்விட்டது. ஒரு கட்டியை வாயில் போட்டு, பாதியில் துப்பிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து மெக்கானிக் கொட்டகையில் விட்டோம். திங்கட்கிழமைக்கு வாடகைக் கார் சொல்லிவைத்தேன். இந்தத் தடவை அவள் முகத்தைத் திருப்பவில்லை, ஒரு பழைய பாலிதீன் பையை மட்டும் எடுத்துக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போகப் புடவை கட்டிக்கொண்டிருந்தவள், மார்பை அடைக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. இந்த நோய்க்காரர்களுக்கு இதயம் எப்போது வேண்டுமானாலும் நிற்கும் என்றார் டாக்டர். எப்போது வேண்டுமானாலும் என்பதை இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அது அந்த ஞாயிற்றுக்கிழமை என்று நினைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை திருப்பதிக்கு ஃபோன் செய்து, இனி நாங்கள் வரமாட்டோம் என்று சொன்னேன். வழக்கமாக எடை பார்க்கிற அந்த நர்ஸ்தான் எடுத்தாள். அழுதாள். நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். கொடுக்கச் சொன்னேன். வைப்பதற்கு முன்னால் நான் ஒன்று கேட்டேன். வியாழக்கிழமை திரும்பும் வழியில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருந்தால் ஏதாவது ஆகியிருக்குமா?

"ஒரு வாய் தண்ணில ஒண்ணும் ஆயிருக்காது சார்" என்றாள். "அன்னிக்கு முழுசா நாலு மணி நேரம் ஓடிச்சே. தந்திருக்கலாம்."

அடக்கம் முடிந்து எட்டு நாளைக்குப் பிறகு மெக்கானிக் ஆள் அனுப்பினார். போனேன். எஞ்சின் ஹெட்டைப் பிரித்து பெஞ்சு மேல் வைத்திருந்தார். அதன் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்திக் காட்டினார், அடியில் வெளிச்சம் தெரிந்தது. ஹெட்டே வளைந்துபோயிருந்தது. கேஸ்கெட்டில் இரண்டு துளைக்கு நடுவே கருகி ஒரு கோடு.

"அயிபோயிந்தி சார்" என்றார். எங்கள் ஊரில் முடிந்துவிட்டது என்று தமிழில் சொன்னால் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருக்கும், தெலுங்கில் சொன்னால் இருக்காது. "கேஸ்கெட்டு மொதல் நாளே போயிருக்கும். குமிழி வந்திச்சே, அப்பவே. பொறவு தண்ணி இல்லாம ஓட்டினதுல ஹெட்டும் போச்சி."

"நின்னதுக்கு அப்பறம் தண்ணி ஊத்தினேன்" என்றேன். "ரெண்டரை கேன். அதுல ஏதாவது..."

"அதுல இன்னா சார் கீது. வண்டி நின்னப்பவே செத்துப்போச்சி. நீங்க ஊத்தினதெல்லாம் சைலன்சர் வழியா ரோட்டுக்குப் போயிருக்கும். ஒரு சொட்டு கூட உபயோகமில்ல."

அவர் கை முழுக்கக் கிரீஸ். கொஞ்சம் சோப்புத் தூளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு தண்ணீருக்காகச் சுற்றிலும் பார்த்தார். கொட்டகைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. என் வண்டியின் பின் கதவைத் திறந்து, சீட்டில் சாய்ந்து கிடந்த மூன்றாவது கேனை எடுத்தார். அதில் பாதி அப்படியே இருந்தது. மூடியைத் திருகி, கேனைச் சாய்த்து, விரல் விரலாகத் தேய்த்து நிதானமாகக் கை கழுவினார். தண்ணீர் தீரும்வரை நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.